தேதியில் மாட்டிய தானப் பத்திரம்

கேள்வி: ரோம் நகரத்தையே போப்புக்கு எழுதிக் கொடுத்ததாக ஒரு கள்ளப் பத்திரம் இருந்ததாமே, அது போலி என்று எப்படித் தெரிந்தது?
- வாசகர், காரைக்குடி

பதில்: 'கான்ஸ்டன்டைனின் தானம்' என்பார்கள். தன் தொழுநோயைத் தீர்த்து ஞானஸ்நானம் கொடுத்த போப் சில்வெஸ்டருக்குப் பேரரசர் கான்ஸ்டன்டைன் லாத்தரன் அரண்மனை, ரோம், இத்தாலி, மேற்கு மாகாணங்கள் எல்லாவற்றையும் எழுதி வைத்தாராம். உண்மையில் கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்றது 337இல், சாகும் தறுவாயில். சில்வெஸ்டர் அதற்கு முன்பே, 335இல், காலமாகிவிட்டார்!

எந்தப் பத்திரத்திலும் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். ரோமானியர்கள் அந்தந்த வருடத்தின் இரண்டு கான்சல்களுடைய (ஆண்டுதோறும் மாறும் உயர் பதவியாளர்கள்) பெயரைப் போட்டுத்தான் ஆண்டைக் குறிப்பார்கள். இதில் இருப்பது: மார்ச் 30, கான்ஸ்டன்டைன் 4ஆம் முறை கான்சல், உடன் கல்லிகானஸ். கான்ஸ்டன்டைன் 4ஆம் முறை கான்சலானது 315இல். அப்போது ஜோடி லிசினியஸ். கல்லிகானஸ் வந்தது 317இல். ஆக, இப்படி ஒரு வருடமே கிடையாது.

அடுத்தது ஊர்ப் பெயர். ரோமுக்குக் கீழ்ப்பட்ட திருச்சபைகளின் பட்டியலில் அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, ஜெருசலேமோடு கான்ஸ்டான்டிநோபிளும் வருகிறது. அந்த நகரம் திறப்பு விழா கண்டதோ 330 மே 11 அன்றுதான். அதே பத்திரம் கடைசியில், 'பைசாந்தியத்தில் (கான்ஸ்டான்டிநோபிள் எழுந்த இடம்) என் பெயரில் நகரம் கட்டப்போகிறேன்' என்கிறது. எழுதியவர் மேலே எழுதியதைத் திரும்பப் படிக்கவில்லை போலும்.

மொழியை வைத்துப் பிடித்தவர் இத்தாலிய அறிஞர் லொரென்ஸோ வால்லா, 1440இல். ரோம அதிகாரிகளோடு 'சத்ரப்'களையும் சேர்த்திருக்கிறார்கள். அது பாரசீக ஆளுநர் பதவி, கான்ஸ்டன்டைன் அரசவையில் அதற்கு என்ன வேலை என்று கேட்டார். 'டயடெம்' என்ற கிரீடத்தைப் பொன்னும் மணியுமாக வர்ணித்ததற்கும் ஒரு குட்டு: அக்காலத்து 'டயடெம்' துணிப்பட்டை. இது 8ஆம் நூற்றாண்டுச் சரக்கு என்பதே இன்று அறிஞர்கள் பெரும்பாலோரின் முடிவு.

கேள்வி: இவ்வளவு ஓட்டை இருந்தும் பல நூற்றாண்டுகள் எப்படிச் செல்லுபடியானது?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: யாருமே சந்தேகப்படவில்லை என்று சொல்ல முடியாது. பேரரசர் மூன்றாம் ஓட்டோ 1001இலேயே இதைப் பொய் என்று தள்ளினார். ஆனால் ரோமின் தலைமையை ஏற்காத கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையோடு மல்லுக்கு நின்றபோது போப் ஒன்பதாம் லியோவுக்கு இதுவே ஆதாரம். ரோமில் சாந்தி குவாத்ரோ கொரொனாத்தி ஆலயத்தில் 1246இல் தீட்டிய சுவரோவியத்தில் போப் சில்வெஸ்டர் குதிரை மேல். பேரரசர் கான்ஸ்டன்டைன் கீழே, கடிவாளத்தைப் பிடித்து நடக்கிறார். போப்பின் அரசியல் அதிகாரத்தை எதிர்த்த இத்தாலியக் கவிஞர் தாந்தேகூடப் பத்திரத்தை நம்பினார். பேரரசைப் பிய்த்துக் கொடுக்க அரசருக்கு உரிமை இல்லை என்பதே அவர் வாதம்.

வால்லாவும் சும்மா எழுதவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுத்த அரகோன் மன்னர் அல்ஃபோன்ஸோ, நேப்பிள்ஸுக்காகப் போப் நான்காம் யூஜீனியஸோடு மோதிக்கொண்டிருந்தார். யூஜீனியஸ் இறந்தபின், அடுத்த போப் ஐந்தாம் நிக்கோலஸ் 1448இல் வால்லாவைத் தம் அலுவலகத்திலேயே எழுத்தராகச் சேர்த்துக்கொண்டார்.