கோதுமையை விட்டதும் தேவலை; இனி சோதனை எதற்கு?

கேள்வி: கோவை ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகளுக்கு வயது 19. இரண்டு வருஷமாக வயிற்று உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு. இரும்புச்சத்து மாத்திரை தின்றும் ஹீமோகுளோபின் 8-ஐத் தாண்டவில்லை. தெரிந்தவர் சொல்லி ஒரு மாதமாகச் சப்பாத்தி, பரோட்டாவை விட்டுவிட்டாள், இப்போது தேவலை. என் அண்ணன் மகனுக்கு மலத்தில் ரத்தம் போகிறது, அதுவும் குடல் நோய் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? இனிமேல் டெஸ்ட் அவசியமா?
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அவசியம்தான் அம்மா. ஆனால் நாளைக்கே ஓடிப்போய் ரத்தம் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மகளுக்குச் சீலியாக் இருக்கலாம் என்றுதான் எனக்கும் படுகிறது. கோதுமை, பார்லியில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும் நோய் இது. சிறுகுடலின் உள்பக்கம் டர்க்கி டவல் மாதிரி. அந்தக் கண்ணிகள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. சீலியாக்கில் அவை தேய்ந்து, பழைய துண்டுபோல மழுங்கிவிடும். இரும்புச்சத்தை உறிஞ்சும் முன்பகுதிதான் அதிகம் அடிபடும். மாத்திரை தின்றும் ரத்தம் ஊறாதது அதனால்தான்.

நெதர்லாந்தில் 1944–45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ஏற்கெனவே கோதுமைமேல் சந்தேகம் வைத்திருந்த வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் உறுதிக்கு வந்தார். உங்கள் மகள் கண்டதும் அதேதான். ஆனால், கோதுமையை விட்டால் சீலியாக் இல்லாத சிலருக்கும் வயிறு லேசாகும். ஆயுசு முழுக்க விலக்க வேண்டுமா என்பதை ஊகத்தில் முடிவு செய்யக்கூடாது.

டிடிஜி என்ற ரத்தச் சோதனையும், எண்டோஸ்கோப்பியில் எடுக்கும் சதைத்துணுக்கும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் உண்மையைச் சொல்லும். எனவே முதலில் குடல் மருத்துவரைப் பாருங்கள். 6 வாரமாவது மறுபடி தினமும் சாப்பிடச் சொல்வார். பெற்ற மனசுக்குக் கஷ்டம்தான். ஆனாலும் செய்யுங்கள்.

உங்கள் அண்ணன் மகனின் நோய் வேறாக இருக்கலாம். குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு: பெருங்குடலில் புண் வரும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், வாயிலிருந்து ஆசனவாய்வரை எங்கும் வரக்கூடிய குரோன்ஸ். இவை கோதுமையை விட்டால் போகாது, மருந்துதான் வேண்டும். என் சொந்தத் தம்பியே ஒரு வருஷம் மூலத்துக்கு மருந்து தின்றான். கொலோனோஸ்கோப்பி செய்தபோது பெருங்குடல் பாதிக்குமேல் புண். எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நம் நாட்டில் குடல் காசநோயும் குரோன்ஸ் போலவே தெரியும். அதைப் பிரித்தறியாமல், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு மருந்தைக் கொடுத்தால் ஆபத்து. தள்ளிப்போடாமல் மகனைக் குடல் மருத்துவரிடம் கூட்டிப்போகும்படி உங்கள் அண்ணனிடம் சொல்லுங்கள்.

சீலியாக் உறுதியானால் சாப்பாட்டுக்குப் பயப்படாதீர்கள். அரிசிம்பருப்புச் சாதம், சந்தகை, கம்மங்கூழ், ராகிக்களி, எதிலும் குளூட்டன் இல்லை. மறைந்து வருவதுதான் கஷ்டம். ஒரு பெண் வருஷம் முழுக்கச் சப்பாத்தியைத் தொடாமல் இருந்தும் டிடிஜி இறங்கவில்லை. சமையலறை டப்பாக்களைப் பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன். கூட்டுப் பெருங்காய டப்பாவின் பின்னால், பொடி எழுத்தில் ‘கோதுமை மாவு’. தினமும் ரசத்தில் ஒரு சிட்டிகை! ரவை, சேமியா, பேக்கரி தேங்காய் பன், மால்ட் பானம், கடைச் சத்துமாவு எல்லாவற்றையும் பாருங்கள்.

அப்புறம், மகளுக்கு உறுதியானால் பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம். அன்றைக்கே உங்கள் ரத்தத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள் அம்மா.