செப்சிஸ்: ஐசியு மருத்துவரிடம் கேளுங்கள்

நம் குழு உறுப்பினர், பல ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் (ஐசியு) பணிபுரியும் மருத்துவர், செப்சிஸ் என்னும், தொற்று முற்றி உடலின் உறுப்புகள் கெடும் ஆபத்தான நிலை குறித்து ஞாயிறு மாலை உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: டாக்டர், ஐசியுவில் எத்தனை பேருக்குச் செப்சிஸ் வருகிறது? ஒருவர் 30 சதவீதம் என்கிறார், இன்னொருவர் 50 என்கிறார்.

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 2012 மே மாதம், 80க்கும் மேற்பட்ட நாடுகளில், சுமார் பத்து நாட்களில் ஐசியுவில் சேர்ந்த 10,069 பேரைக் கவனித்தார்கள். 29.5 சதவீதத்தினருக்குச் செப்சிஸ். அவர்களில் நால்வரில் ஒருவர் ஐசியுவிலேயே இறந்தார். இந்தியாவில் 35 ஐசியுக்களில் 680 பேரைப் பார்த்து 2022இல் வெளியான ஆய்விலோ பாதிக்கும் மேல். அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் 30 நாட்களுக்குள் இறந்தனர்.

முதல் ஆய்வு வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணியது. இரண்டாவது, குறித்த சில நாட்களில் கட்டில்களில் இருந்தவர்களை எண்ணியது. ஒரு லாட்ஜில் இன்றிரவு யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், மாதக்கணக்கில் தங்கியவர் கட்டாயம் அகப்படுவார். நேற்று வந்து காலையில் கிளம்பியவர் தப்பிவிடுவார். செப்சிஸ்காரர் ஐசியுவின் மாத வாடகைக்காரர். போதாக்குறைக்கு 2016இல் செப்சிஸின் வரையறையே மாறிவிட்டது.

கேள்வி: செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி கலப்பதுதானே?

பதில்: வராந்தாவில் உறவினர்களிடம் நாங்கள் அப்படிச் சொல்லிப் பழக்கிவிட்டோம், தவறு எங்களுடையது. கிருமியை எதிர்க்கப் போன உடல் நிலைதடுமாறி, தன் சிறுநீரகத்தையும் நுரையீரலையுமே கெடுத்துக்கொள்வதுதான் செப்சிஸ். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையான ரத்தக் கல்ச்சரில் ஒன்றுமே வளராதவர்கள் பலர்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை, காலில் புண். காய்ச்சல் இல்லை. காலையிலிருந்து தூங்கி வழிகிறார், ஏதோ உளறுகிறார். பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கக் கூடாது. இப்போதே 108ஐ அழையுங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் செப்சிஸ் வரும்.

கேள்வி: வைட்டமின் சி ஊசி காப்பாற்றும் என்கிறார்களே?

பதில்: 2017இல் பெரிய நம்பிக்கை எழுந்தது. 2022இல் வெளியான பெரிய ஆய்வில் ஊசி போட்டவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. கதை முடிந்தது.

கேள்வி: காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் இரண்டு நாள் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டேன், இப்போது பரவாயில்லை. செப்சிஸ் வராதுதானே?

பதில்: கடையில் கேட்டு வாங்காதீர்கள். அந்த இரண்டு நாள் மாத்திரையால் கிருமி ஒளிந்துகொள்ளும், கல்ச்சர் பொய் சொல்லும், அடுத்த முறை மருந்து எடுபடாது.

கேள்வி: (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி) என் மைத்துனர் விபத்தில் கால் முறிந்து ஐசியுவில் சேர்ந்தார். பத்தாம் நாள் செப்சிஸ் என்றார்கள். ஐசியுதானே கொடுத்தது?

பதில்: கொடுத்திருக்கலாம். கழுத்து ரத்தநாளத்தில் குழாய், சிறுநீர்க் குழாய், தொண்டையில் வென்டிலேட்டர் குழாய்: மூன்றும் உயிரைக் காக்கின்றன, மூன்றும் கிருமிக்கு வழியும் விடுகின்றன. தினமும் காலையில் ‘இந்தக் குழாய் இன்னும் தேவையா?’ என்று கேட்காத ஐசியு, தவறு செய்கிற ஐசியுதான்.

குறுக்கீடு: (செவிலியர்) கேட்கிறோம் சார். ஆனால் இரவில் ஒருத்தி நான்கு கட்டில் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் கை கழுவ நேரம் எங்கே?

பதில்: அம்மா சொல்வதை மறுக்க முடியாது. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர் என்பது புத்தகத்தில்தான் பல இடங்களில் இருக்கிறது.

வங்கி அதிகாரி: அப்படியானால் பொறுப்பு யாருடையது? ஒப்புக்கொண்டுவிட்டீர்களே!

பதில்: ஐயா, ஒப்புக்கொண்டது பாதியைத்தான். வெளியிலிருந்தே செப்சிஸோடு வருகிறவர்கள் ஏராளம். ரத்த அழுத்தம் சரிந்த முதல் மணி நேரத்துக்குள் சரியான மருந்து கிடைத்தவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் பிழைத்ததாக 2006இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; அதன் பிறகு தாமதித்த ஒவ்வொரு மணிக்கும் வாய்ப்பு குறைந்தது. எங்களிடம் வந்த ஒரு பெண்மணி ஆறு நாள் மூன்று கடை ஏறி இறங்கியிருந்தார். மார்புக்குக் கீழ் மடிப்பில், சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு ஒன்று. ஸ்க்ரப் டைஃபஸ், நுண்ணிய பூச்சிக் கடியால் வரும் காய்ச்சல். கிடைத்த மாத்திரைகளில் அதற்கான மருந்து டாக்சிசைக்ளின் மட்டும் இல்லை. சேலையை விலக்கிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வங்கி அதிகாரி: பிழைத்தாரா?

பதில்: பிழைத்தார். பதினொரு நாள் வென்டிலேட்டர்.

கேள்வி: வைட்டமின் சி மாத்திரையாகச் சாப்பிட்டால்?

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: கடையில் ஆன்டிபயாடிக் எது நல்லது?

பதில்: மேலே. மேலே. மேலே.

கேள்வி: (அப்பாவுக்கு 68 என்று கேட்டவர்) வண்டியில் போய்க்கொண்டிருக்கிறோம் டாக்டர். பிரஷர் 80 என்கிறார்கள்.

பதில்: கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து அவருக்கு ஒவ்வாது: இறங்கியதும் முதலில் இந்த மூன்றையும் சொல்லுங்கள். காலிலுள்ள கட்டைப் பிரித்துக் காட்டுங்கள். போனை வைத்துவிட்டு அவரைப் பாருங்கள்.