டீசலும் எரிவாயுவும் ஒரே இன்ஜினில், அதிக அமுக்கத்தில் ஓடுமா?

ஓடும். எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) கப்பல்கள் பலவற்றில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இரட்டை எரிபொருள் என்றால், ஒரே சிலிண்டரில் இயற்கை எரிவாயுவையும் கொஞ்சம் டீசலையும் சேர்த்து எரிப்பது.

டீசல் 200 சொச்சம் டிகிரி செல்சியஸிலேயே தானாகப் பற்றிவிடும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதியான மீத்தேனுக்கு 500-க்கு மேல் வேண்டும். அதனால் எரிவாயுக் கலவை அதிக அமுக்கத்தைத் தாங்கும். பெட்ரோலை அப்படி அமுக்கினால் அது நேரம் தவறித் தானாகப் பற்றி, இன்ஜின் ‘டக் டக்’ என்று தட்ட ஆரம்பித்துவிடும். அமுக்கம் உச்சத்தை நெருங்கும்போது துளி டீசலைப் பீய்ச்சினால் போதும். விறகடுப்பில் கட்டை சட்டென்று பற்றாது, தென்னம்பன்னாடையைக் கொளுத்தி வைப்போமே, அதே வேலைதான்.

சரி, குறை? சுமை குறைந்தால் மீத்தேன் கொஞ்சம் எரியாமலே புகைபோக்கி வழியாகத் தப்பிவிடும். என் கணக்கில் பெரிய தலைவலி இதுதான்.

சுவிட்சைத் தட்டி பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் மாறும் காரையும் பலர் இதே வகை என்று நினைக்கிறார்கள். அதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும்.