ஊக்கமருந்து வழக்கைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

கேள்வி: “ஒரு வீரர் ஊக்கமருந்து சோதனையில் சிக்கினார் என்று செய்தி வருகிறது. ஒரு வாரம் பேசுகிறார்கள். பிறகு என்ன ஆனது என்றே தெரிவதில்லை. ஒரு சாதாரண ரசிகர் இதையெல்லாம் எப்படிப் பின்தொடர்வது? இந்தச் சோதனைகளை நம்பத்தான் முடியுமா?”

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிலிருந்து என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. தடகளத்திலும் பளுதூக்குதலிலும் நான் பார்த்த இறுதிப் போட்டிகளின் முடிவை எட்டாவது இடம் வரை நீல மையில் எழுதி வைப்பேன். பின்னாளில் ஒருவர் தகுதி நீக்கம் ஆனால் அவர் பெயரைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் தேதி போடுவேன். அந்தப் பதக்கம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததும் பச்சை மையில் ஒரு வரி. இவ்வளவுதான் என் முறை. பதினைந்து வருடத்துக்கு மேல் இதைச் செய்து பார்த்த அனுபவத்தில்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

அந்த நோட்டில் மிகவும் கிழிந்துபோன பக்கம் 2012 லண்டன், பெண்கள் 1500 மீட்டர். அன்றிரவு நான் எழுதிய வரிசை: துருக்கியின் அஸ்லி சாகிர் அல்ப்தெகின் முதலிடம், அதே நாட்டின் கம்ஸே புலுத் இரண்டாமிடம், பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமால் மூன்றாமிடம், ரஷ்யாவின் தத்யானா தோமஷோவா நான்கு, எத்தியோப்பியாவின் அபேபா அரெகாவி ஐந்து, அமெரிக்காவின் ஷனான் ரவுபரி ஆறு. 2015இல் முதல் பெயரை அடித்தேன். 2017இல் இரண்டாவது பெயரை. தங்கம் ஜமாலுக்கு, வெள்ளி தோமஷோவாவுக்கு என்று மாற்றி எழுதினேன். இந்தத் தோமஷோவா ஏற்கெனவே சிறுநீர் மாதிரியை மாற்றிக் கொடுத்த வழக்கில் தடை அனுபவித்துவிட்டு வந்தவர். 2024இல் அவருக்குப் பத்தாண்டுத் தடை விதிக்கப்பட்டு லண்டன் முடிவும் ரத்தானது. மறுபடி சிவப்பு மை. ஆறாவதாக ஓடி முடித்த ரவுபரிக்கு வெண்கலம் என்று ஆனபோது, பந்தயம் முடிந்து பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டிருந்தது. ஏழாவதாகவும் ஒன்பதாவதாகவும் வந்தவர்களும் இதற்குள் நீக்கப்பட்டிருந்தார்கள்.

ஒரு வாரம் பேசிவிட்டு மறந்துவிடுகிறார்கள் என்று நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் வழக்குகள் நிற்பதில்லை, மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. பின்தொடர நினைப்பவர் நான்கு தேதிகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்: மாதிரி எடுத்த நாள், ஆய்வகம் முடிவு சொன்ன நாள், விஷயம் வெளியே தெரிந்த நாள், இறுதித் தீர்ப்பு வந்த நாள். பெரும்பாலான செய்திகளில் இந்த நான்கில் ஒன்றுதான் இருக்கும். மற்ற மூன்றையும் நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். கதை அந்த இடைவெளிகளுக்குள்தான் இருக்கும்.

கமிலா வலியேவா வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 15 வயது ரஷ்யப் பனிச்சறுக்கு வீராங்கனை. 2021 டிசம்பர் 25இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாதிரி எடுத்தார்கள். அது ஸ்டாக்ஹோம் ஆய்வகத்துக்குப் போனது. முடிவு வந்தது 2022 பிப்ரவரி 8. அதற்கு முந்தைய நாள்தான் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் அவர் இருந்த ரஷ்ய அணி குழுப் போட்டியில் முதலிடம் பெற்றிருந்தது. ஆறு வாரத் தாமதம். ஒரே ஒரு வாரம் முன்னால் முடிவு வந்திருந்தால்கூட, அவர் பனியில் இறங்குவதற்கு முன்பே விஷயம் தெரிந்திருக்கும். பதக்க விழா நடக்கவில்லை. 2024 ஜனவரியில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் நான்காண்டுத் தடை விதித்தது. அமெரிக்க அணி தங்கத்தையும் ஜப்பான் அணி வெள்ளியையும் வாங்கியது 2024 ஆகஸ்டில், பாரிஸ் கோடைக்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது, கொளுத்தும் வெயிலில். பனிச்சறுக்குக்காரர்களுக்குக் கோடையில் பதக்கம்! அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

இனி சோதனையை நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். மாதிரி எடுக்கும் வேலையை நான் கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சர்வதேசத் தடகளப் போட்டியில் சாப்பரோனாக வேலை பார்த்தேன். சோதனைக்குத் தேர்வான வீரரிடம் தகவலைச் சொல்லி, கையெழுத்து வாங்கி, சோதனை அறைக்குள் விடும்வரை அவரைக் கண் பார்வையிலேயே வைத்திருப்பதுதான் சாப்பரோனின் வேலை. எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஐந்தாவதாக வந்த ஓட்டக்காரர். பதக்கம் கிடைக்காத ஏமாற்றம் முகத்தில் அப்படியே இருந்தது. காலில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு அறையில் உட்கார்ந்தார். உடம்பில் நீரே இல்லை. சீல் உடைக்காத தண்ணீர் பாட்டில்களை வரிசையாக எடுத்துக் குடித்தார். முதல் முறை குறைந்தபட்ச அளவான 90 மில்லிலிட்டர் சிறுநீர் வரவில்லை. அந்தக் கொஞ்சத்தை மூடி முத்திரையிட்டு வைத்துவிட்டு மறுபடி காத்திருந்தோம். மொத்தம் இரண்டே முக்கால் மணி நேரம்.

பிறகு நடந்ததுதான் எனக்கு மறக்காத காட்சி. பல பெட்டிகளிலிருந்து ஒன்றை அவரே தேர்ந்தெடுத்தார். பெட்டியிலும் இரண்டு பாட்டில்களிலும் மூடிகளிலும் ஒரே எண்தான் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். ‘ஏ’, ‘பி’ என்ற இரண்டு பாட்டில்களிலும் அவர் கையாலேயே ஊற்றினார். மூடியைத் திருகத் திருக டிக் டிக்கென்று பல் விழும் சத்தம் கேட்டது. இனித் திரும்பாது என்கிற இடம்வரை திருகிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துக் கசிகிறதா என்று பார்த்தார். சோதனை அதிகாரி பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தாரே தவிர, பாட்டிலைத் தொடவில்லை. ஆய்வகத்துக்குப் போகும் தாளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் மனிதரை ஆய்வகம் அறியாது. விதிப்படி நடந்தால் இது நல்ல ஏற்பாடு. அன்று நான் பார்த்த அளவில் ஒரு குறையும் இல்லை.

அந்த டிக் டிக் சத்தத்தை நம்பியவன் என்பதால்தான் 2016இல் சோச்சி விவகாரம் வெளிவந்தபோது என்னால் தாங்கவே முடியவில்லை. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் ஆய்வகச் சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. இரவில் அந்த ஓட்டை வழியாகப் பாட்டில்கள் பக்கத்து அறைக்குப் போகும். ரஷ்ய உளவுத் துறையின் ஆட்கள் திறக்கவே முடியாது என்று சொல்லப்பட்ட மூடியைத் திறந்துகொடுப்பார்கள். மாதக்கணக்கில் முன்பே உறைய வைத்த சுத்தமான சிறுநீரை ஊற்றி மூடித் திருப்பி அனுப்புவார்கள். அடர்த்தி பொருந்த வேண்டும் என்று உப்பும் சேர்த்திருக்கிறார்கள். இதை வெளியே சொன்னவர் அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்த கிரிகோரி ரோட்செங்கோவ். வாடா எனப்படும் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, சட்டப் பேராசிரியர் ரிச்சர்ட் மெக்லாரனை வைத்து விசாரித்தது. மூடிகளின் உட்புறத்தில் கீறல்கள் இருந்தன. மனித உடலில் இருக்க முடியாத அளவுக்கு உப்பு இருந்தது. ஐஸ் ஹாக்கி வீராங்கனைகள் இருவரின் மாதிரியில் ஆணின் டிஎன்ஏ இருந்தது. 30க்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் ஆயிரத்துக்கும் அதிகமானோர் இந்தத் திட்டத்தால் பலன் அடைந்தார்கள் என்றது அவரது அறிக்கை.

ஆகவே ‘சோதனையில் ஒன்றும் இல்லை’ என்ற வரியை அப்படியே நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் தரப்பு, அவர் 500 சோதனைகளைக் கடந்தவர் என்றே பல வருடம் வாதாடியது. 2012இல் ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களும் பறிபோகக் காரணமாக இருந்தவை உடன் ஓட்டியவர்களின் வாக்குமூலங்கள். 2003இல் டிஹெச்ஜி என்ற புதுவகை ஸ்டீராய்டு பிடிபட்டதும் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட ஊசிக்குழாய் ஒன்றை ஒரு பயிற்சியாளர் அனுப்பிவைத்ததால்தான். அதுவரை எந்த ஆய்வகமும் அந்தப் பொருளைத் தேடவே இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் மாதிரிகளுக்கு மேல் பரிசோதிக்கிறார்கள். நூற்றுக்கு ஒன்றுகூடச் சிக்குவதில்லை. ஆனால் 2011 டேகு உலகத் தடகளப் போட்டியில், யார் என்ன சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க முடியாத முறையில் வீரர்களிடமே கேட்டார்கள். கடந்த ஓராண்டில் தெரிந்தே ஊக்கமருந்து எடுத்தவர்கள் 43.6 சதவீதம் இருக்கலாம் என்று 2017இல் ஆய்விதழில் வந்த கணக்கு சொல்கிறது. கணக்கில் பிசகு இருக்கலாம் என்று பாதியாகக் குறைத்துக்கொண்டால்கூட, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் என்று பாருங்கள்.

இந்தப் பள்ளத்தைக் கொஞ்சமாவது நிரப்புவது இரண்டு ஏற்பாடுகள். ஒன்று உயிரியல் கடவுச்சீட்டு. மருந்தைத் தேடாமல், ஒருவரின் ரத்தத்தை வருடக்கணக்கில் அவரது முந்தைய அளவுகளோடு ஒப்பிடுவார்கள். இபிஓ மருந்து சில நாளில் சிறுநீரில் தடம் இல்லாமல் போய்விடும். ஆனால் அது உண்டாக்கிய புது ரத்தச் சிவப்பணுக்களின் எண்ணிக்கை ஏறி இறங்குவதை மறைக்க முடியாது. எடுத்து வைத்த தன் ரத்தத்தையே திரும்ப ஏற்றிக்கொண்டால் ஹீமோகுளோபின் கூடும், இளம் சிவப்பணுக்கள் குறையும். அதுவும் வரைபடத்தில் தெரிந்துவிடும். இன்னொன்று பழைய மாதிரிகளைப் பத்தாண்டு வரை பாதுகாத்து, புதுக் கருவிகளால் மறுபடி சோதிப்பது. பெய்ஜிங், லண்டன் மாதிரிகளை இப்படித் திறந்தபோது நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சிக்கினார்கள். லண்டன் பளுதூக்குதலில் ஆண்கள் 94 கிலோ பிரிவில் ஐந்தாவதாக வந்தவருக்குத் தங்கம், எட்டாவதுக்கு வெள்ளி, ஒன்பதாவதுக்கு வெண்கலம். அந்த ஒன்பதாவதுக்காரரும் 2016 ரியோவில் வேறொரு சோதனையில் சிக்கி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். என் நோட்டில் எட்டு இடம்தான் எழுதியிருந்தேன், இடமே போதவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ‘ஏ’ மாதிரியில் ஏதோ இருக்கிறது என்ற செய்தியைப் பார்த்தவுடன் ஒருவரைத் திருடர் என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம். அவர் மருத்துவக் காரணத்துக்காக முன்அனுமதி வாங்கியிருக்கலாம். அந்த முடிவைச் சரிபார்க்க, மூடியே வைத்திருக்கும் ‘பி’ மாதிரியைத் திறந்து சோதிக்கக் கேட்கும் உரிமை இருக்கிறது. விசாரணை இருக்கிறது, மேல்முறையீடு இருக்கிறது. டென்னிஸ் வீராங்கனை சிமோனா ஹாலெப்பை 2022 அக்டோபரில் தற்காலிகமாக நிறுத்தினார்கள். பிறகு நான்காண்டுத் தடை. 2024 மார்ச்சில் நடுவர் நீதிமன்றம், மாசு கலந்த சத்துப்பொருளால் வந்தது என்று ஏற்று, அதை ஒன்பது மாதமாகக் குறைத்தது. தீர்ப்பு வந்த அன்று அவர் ஏறக்குறைய பதினேழு மாதம் வெளியே உட்கார்ந்திருந்தார். மிச்ச எட்டு மாதத்தை அவருக்கு யார் திருப்பித் தருவார்கள்? தேதிகளைக் குறித்து வைத்தால்தான் இந்த அநியாயமும் கண்ணில் படும்.

இதற்கு நேர் எதிரானது 23 சீன நீச்சல் வீரர்களின் விவகாரம். 2021 ஜனவரியில் எடுத்த மாதிரிகளில் இதய மருந்து ஒன்று இருந்தது. ஹோட்டல் சமையலறையில் கலந்துவிட்டது என்று சீனத் தரப்பு சொன்ன விளக்கத்தை மறுக்க ஆதாரம் இல்லை என்று வாடா விட்டுவிட்டது. அதில் சிலர் டோக்கியோ ஒலிம்பிக்கில் பதக்கமும் வாங்கினார்கள். உலகத்துக்கு விஷயம் தெரிந்தது 2024 ஏப்ரலில், பத்திரிகையாளர்கள் மூலம். அவர்கள் குற்றமற்றவர்களாகவே இருக்கட்டும். மூன்று வருடம் மூடி வைத்ததை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஹாலெப்புக்குப் பகிரங்கம், இவர்களுக்கு மௌனம் என்றால் எந்த வீரர் இந்த அமைப்பை நம்புவார்?

எங்கே பார்ப்பது? தடகளத்துக்கு 2017 முதல் ‘அத்லெடிக்ஸ் இன்டெக்ரிடி யூனிட்’ இயங்குகிறது. தற்போது தடையில் இருப்பவர்கள் பெயர், பொருள், தடைக்காலம், ரத்தான முடிவுகள் எல்லாம் அதன் பட்டியலில் இருக்கும். வேறு பல விளையாட்டுகளுக்கு லோசானிலுள்ள சர்வதேசச் சோதனை முகமை அறிவிப்பு வெளியிடும். மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை நடுவர் நீதிமன்றம் வெளியிடுகிறது. நீளமாக இருந்தாலும் படியுங்கள், செய்தியில் வராத தேதிகள் அங்கே கிடைக்கும். மருந்தே இல்லாத வழக்கும் உண்டு. தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டியவர்கள், பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை தவறினால் அதுவே குற்றம். 100 மீட்டர் உலக சாம்பியன் கிறிஸ்டியன் கோல்மன் டோக்கியோவைத் தவறவிட்டது அப்படித்தான்.

நீங்கள் நோட்டுப் போட்டால் நான்காவதாக வந்தவர் பெயரை விட்டுவிடாதீர்கள். கனடாவின் கிறிஸ்டின் ஜிரார்ட், பளுதூக்குதல் 63 கிலோ. பெய்ஜிங்கில் நான்காமிடம், லண்டனில் மூன்றாமிடம். இரண்டு போட்டிகளிலும் அவருக்கு மேலே இருந்தவர்கள் மறுசோதனையில் விழுந்தார்கள். நான்கு வெண்கலமானது, வெண்கலம் தங்கமானது. பளுதூக்குதலில் கனடாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. அதற்குள் அவர் போட்டியை விட்டு விலகியிருந்தார். அந்த இரண்டு பக்கங்களிலும் பச்சை மையில் ஒரே வரியைத்தான் எழுதியிருக்கிறேன்: 2018 டிசம்பர், ஒட்டாவா.