மூளைக் கட்டியை ஒளிர வைக்கும் மருந்து: உங்கள் கேள்விக்கு

அப்பாவின் கிளையோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி) அறுவைக்கு முன் கட்டியை ஒளிர வைக்கும் மருந்தைக் குடிக்கத் தருவார்களாம், அது கதிரியக்கமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, அந்தப் பயம் வேண்டாம். அது பெரும்பாலும் 5-அமினோலெவுலினிக் அமிலமாக இருக்கும்.

மயக்க மருந்துக்குச் சுமார் 3 மணி நேரம் முன்பு நீரில் கரைத்துக் குடிப்பார்கள். கட்டிச் செல்கள் அதை போர்ஃபிரின் என்ற ஒளிரும் பொருளாக மாற்றிச் சேர்த்துக்கொள்ளும். நுண்ணோக்கியில் நீல ஒளி பாய்ச்சினால் கட்டி நல்ல சிவப்பாகவும் அதன் ஓரம் மங்கிய இளஞ்சிவப்பாகவும் தெரியும். சாதாரண வெளிச்சத்தில் நல்ல மூளை போலத் தோன்றி ஏமாற்றுவது அந்த ஓரம்தான். 2006-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், எம்ஆர்ஐயில் தெரிந்த கட்டி முழுதும் அகற்றப்பட்டவர்கள் இம்மருந்தோடு 65 சதவீதம், இல்லாமல் 36 சதவீதம். பெரிய வித்தியாசம்!

ஆனால் ரத்தம் மூடினாலோ, கட்டி ஆழத்தில் இருந்தாலோ ஒளி தெரியாது. அதனால் எம்ஆர்ஐயும் வேண்டும்.

அப்புறம், அறுவை முடிந்து ஓரிரு நாள் அப்பாவின் தோலில் வெயிலோ பலமான விளக்கொளியோ படக் கூடாது. எத்தனை மணி நேரம் என்று மருத்துவரிடமே கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது போர்ஃபிரியா நோய் (உடலில் போர்ஃபிரின் போன்ற பொருட்கள் அளவுக்கு மீறிச் சேர்வது) இருந்தால் முன்கூட்டியே கட்டாயம் சொல்லிவிடுங்கள்.