அவுட்டர் வைல்ட்ஸ்: எம்பர் ட்வின் மணல் பிரச்சினை

வணக்கம் தம்பி. அவுட்டர் வைல்ட்ஸ் வீடியோ கேமில் எம்பர் ட்வின் கிரகத்தின் குகைக்குள் ஒவ்வொரு முறையும் மணலில் நசுங்கிச் சாகிறேன், அடுத்து எங்கே போவது என்று ஹட்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள். இடம் சரி, நேரம்தான் பிந்துகிறது. காலம் திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கும் 22 நிமிடச் சுற்றில், பக்கத்துக் கிரகமான ஆஷ் ட்வினின் மணல் கொஞ்சம் கொஞ்சமாக எம்பர் ட்வினுக்கு இறங்குகிறது. அதனால் சுற்று தொடங்கிக் கண் விழித்ததும் எங்கும் நிற்காமல் நேரே அங்கே போங்கள். நம் பக்கம் மத்தியானம் பனிமூட்டம் இறங்குமுன் வெள்ளனவே மலையேறுவோமே, அதே கணக்கு. ஆஷ் ட்வினுக்குப் பிந்திப் போனால்தான் மணல் வடிந்து கோபுரங்களுக்குள் நுழைய முடியும்.

செத்தாலும் உங்கள் விண்கப்பலின் பதிவேடு அழியாது. எங்கே இன்னும் பார்க்க மிச்சம் என்று அதுவே காட்டும். தயவுசெய்து விடையை யூடியூபில் தேடாதீர்கள், கண்டுபிடிக்கும் சுகம் ஒருமுறைதான். அப்புறம், டார்க் பிராம்பிள் என்ற இடத்துக்குக் கடைசியில் போங்கள். அங்குள்ள மீனுக்குக் கண் தெரியாது, காது கேட்கும். எஞ்சினைத் தொடாமல் மிதந்தே கடந்துவிடுங்கள்.