குறுகிய கால நெல் ஏன் பிந்திப் பூக்கிறது?

கேள்வி: 105 நாள் ரகம் என்று வாங்கிய நெல், வெப்பமான பருவத்தில் சொன்ன நாளில் கதிர் தள்ளியது. அதே விதையைக் குளிர்ப் பருவத்தில் விதைத்தபோது 12 நாள் பிந்திவிட்டது. பகல்பொழுது குறைந்ததே காரணம் என்கிறார்கள். சரிதானா?

பதில்: சரியன்று. நெல் குறும்பகல் பயிர். பகல் குறைந்தால் அது விரைந்து பூக்குமே தவிரப் பிந்தாது. ஆகவே குளிர்ப் பருவத்தின் குறுகிய பகல் உங்கள் பயிரை முந்தச் செய்திருக்க வேண்டும், அல்லது ஒன்றும் செய்யாமல் விட்டிருக்க வேண்டும். பிந்தியதற்குக் காரணம் வெப்பநிலைதான்.

பகல் நீளத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்டவை பெரும்பாலும் பழைய நீண்ட கால ரகங்களே. அவற்றைச் சில வாரங்கள் முன்பின்னாக விதைத்தாலும், பகல் போதிய அளவு சுருங்கும் வரை காத்திருந்து, ஏறக்குறைய ஒரே தேதியை ஒட்டிக் கதிர் தள்ளும். குறுகிய கால ரகங்களில் இந்தக் காத்திருப்பு இல்லை, அல்லது மிகக் குறைவு. ஜப்பானின் வடகோடியான ஹொக்கைடோவில் கோடைப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டுகிறது. பகல் சுருங்கட்டும் என்று அங்கே ஒரு நெல் காத்திருந்தால், அது பூப்பதற்குள் குளிர் வந்து கதிர் பதராகிவிடும் என்பதால், பகலைப் பொருட்படுத்தாத ரகங்களே அங்கு நிலைத்தன.

அத்தகைய ரகம் நாளை எண்ணுவதில்லை, சேர்ந்த வெப்பத்தை எண்ணுகிறது. ஒரு கணக்காகவே பார்ப்போம். சராசரி வெப்பநிலையில் 10 டிகிரிக்கு மேற்பட்ட பகுதிதான் வளர்ச்சிக்கு உதவுகிறது என்றும், விதைப்பிலிருந்து கதிர்க்குருத்து தோன்றும் வரை 800 அலகு வெப்பம் தேவை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30 டிகிரி என்றால் நாளுக்கு 20 அலகு, ஆக 40 நாள். சராசரி 26 டிகிரி என்றால் நாளுக்கு 16 அலகு, ஆக 50 நாள். நான்கே டிகிரிக்குப் பத்து நாள்! அதன்பின் பூக்கும் வரையுள்ள ஏறத்தாழ 35 நாளும் குளிரில் சற்று நீளும். விதைப்பையில் அச்சிட்ட நாள் கணக்கு ஒரு பருவத்துக்கு உரிய சராசரி மட்டுமே. அதை வாக்குறுதியாகக் கொள்வது தவறு. வெப்பம் ஏற ஏறப் பயிர் முந்திக்கொண்டே போகும் என்றும் நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் அது உதவாது.

எனவே பயிரின் நிலையை நாட்காட்டியில் தேடாமல் தூரில் தேடுங்கள். முதன்மைத் தண்டை அடியிலிருந்து நீளவாக்கில் பிளந்தால், கணுவுக்கு மேலே பஞ்சுபோல் வெண்மையான சிறு கூம்பு ஒன்று தெரியும். அதுவே இளங்கதிர், உண்மையில் அது உருவாகத் தொடங்கிச் சுமார் பத்து நாள் ஆன பிறகே கண்ணுக்குப் படுகிறது. பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு மகரந்தம் உருவாகும்போது கடுங்குளிர் தாக்கினால், பிந்துவதோடு நில்லாமல் பதரும் மிகும். குளிர்ந்த நாடுகளில் அந்த நாட்களில் வயலில் நீரை உயர்த்தி, இலையுறைக்குள் இருக்கும் இளங்கதிரை வெதுவெதுப்பில் வைக்கிறார்கள்.

கேள்வி: வயலோரத் தெருவிளக்கின் அடியில் நெல் பச்சையாகவே நிற்கிறது. இதுவும் வெப்பத்தின் வேலையா?

பதில்: இல்லை, இது ஒளியின் வேலை. நெல் உண்மையில் அளப்பது இடையறாத இருட்டின் நீளத்தை. இரவில் விழும் மங்கிய ஒளியும் அதை நீண்ட பகலாகக் காட்டிவிடுவதால், இலையில் உருவாகித் தண்டின் நுனிக்குச் செல்லும் பூக்கத் தூண்டும் புரதம் போதிய அளவில் உண்டாவதில்லை. உங்கள் ரகம் பகல் நீளத்துக்குக் கட்டுப்பட்டது என்பதற்கு அந்த விளக்கே சான்று. அந்த மூலையில் மட்டும் குறுகிய கால ரகத்தை நட்டுப் பாருங்கள். அது பெரும்பாலும் விளக்கைக் கண்டுகொள்ளாமல் மற்ற இடத்தோடு சேர்ந்தே பூக்கும்.